காக்கித் துணியில் உன் அண்ணன் பெயர்

வசந்தா,

ஞாயிற்றுக்கிழமை சந்திரன் வீட்டார் உன்னைப் பெண் கேட்டு வந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் மூலமாக உனக்குத் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். உன் அண்ணன் எப்படிச் செத்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள்தான் சொன்னோம். நாங்கள் என்று எழுதுவதுகூடச் சரியில்லை. உன் அம்மா சொன்னாள். நான் கடைசி நிமிஷம் வரை மறைக்கப் பார்த்தேன். யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிப் போனார்கள். வைத்த கேசரியை யாரும் தொடவில்லை. இன்றைக்குத் திங்கட்கிழமை. ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டேன். உன் அம்மா தேயிலைக் கொழுந்தெடுக்கப் போய்விட்டாள். கோயில் கமிட்டிக்கு நான் மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்த நோட்டில் மிச்சமிருக்கும் தாள்களைக் கிழித்து இதை எழுதுகிறேன்.

உன் கல்யாணம் நின்றுபோகலாம். நின்றால் அதற்குக் காரணம் உன் அம்மா பேசிய உண்மை என்று நினைத்துவிடாதே. ஐந்து வருஷமாக நான் உங்கள் வாயில் திணித்து வைத்த பொய்தான் காரணம். அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். நீ பினாங்குக்குப் போனபோது உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை உன் அம்மாவுக்கே போன வருஷம்தான் சொன்னேன்.

ஞானம்மாவிலிருந்து தொடங்க வேண்டும். ஆயாக் கொட்டகையில் உன்னையும் உன் அண்ணனையும் பார்த்துக்கொண்டவள் அவள்தான். கொழுந்தெடுக்கும் தாய்மாரின் பிள்ளைகள் எல்லாம் அவள் மடியில்தான் கிடந்தார்கள். புருஷன் இல்லாமல் தன் மகன் அந்தோணியை ஒற்றையாளாக வளர்த்தவள். உன் அண்ணன் குமரேசன் போவதற்கு ஒரு வருஷம் முன்பு அந்தோணி பம்ப் வீட்டுக்குக் கீழே ஆற்றோரம் செத்துக் கிடந்தான். போதைத்தூள். நம் லயத்து வரிசை வீடுகளில் அப்படிச் செத்த முதல் பிள்ளை அவன்தான். அவனை அடக்கம் செய்யக் கொண்டுபோன அன்று நான் ஆண்களோடு ரோட்டோரம் நின்றிருந்தேன். "தாய் மட்டும் வளர்த்த புள்ள. கண்டிக்க ஆளில்ல. இப்படித்தான் போவும்" என்று சொன்னேன். மெதுவாகச் சொல்லவில்லை. பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த ஞானம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். கேட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரியும். அப்படியும் நான் வாயை மூடவில்லை.

அப்படிப் பேசியவனின் வீட்டுக்கு மூன்று மாதம் கழித்து அவள் நடந்து வந்தாள். நீ அன்று தானா ராத்தா டவுனுக்குப் போயிருந்தாய். வாசலிலேயே நின்றாள். "அண்ணே, தம்பியக் கொஞ்சம் கவனிங்க. மூக்கு ஒழுகிக்கிட்டே இருக்கு, சோறு எறங்கல, சும்மா உக்காந்தவாக்குல தூங்கறான். அந்தோணியும் ஆரம்பத்துல இப்படித்தான் இருந்தான். எனக்குத் தெரியல, விட்டுட்டேன்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒங்க வீட்டுக் கதைய எங்க வீட்டுல கொண்டாந்து ஒட்டாதீங்க. இவன் அப்பன் இருக்கிற புள்ள" என்றேன். அவள் திரும்பி நடந்துவிட்டாள். அன்று அவள் பேச்சை நான் கேட்டிருந்தால் என்ற நினைப்பு இன்னும் விடவில்லை.

உன் அண்ணனைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த வீட்டில் ஐந்து வருஷமாக யாரும் அவனைப் பற்றிப் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன். பிரிஞ்சாங்கிலிருந்து கோஸும் தக்காளியும் ஏற்றிக் கோலாலம்பூருக்குப் போகும் லாரியில் கூட ஆளாகப் போய்க்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் உனக்கு என்று ஏதாவது வாங்காமல் மலை ஏறமாட்டான். நம் தோட்டத்து அணிக்குக் கோல்கீப்பர். பந்து வராதபோது துரை மாதிரி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடந்து காட்டுவான். எதிர் அணிக்காரனும் சிரித்துவிட்டுக் கோட்டைவிடுவான். அந்தப் பையனிடம்தான் கோலாலம்பூர் பெரிய மார்க்கெட்டின் ஓரத்தில் யாரோ தூள் மடித்த வெள்ளித்தாளை நீட்டியிருக்கிறார்கள். களைப்புத் தெரியாது என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் ரேடியோ காணாமல் போன அன்றுதான் நான் கண்ணைத் திறந்தேன். திறந்ததும் செய்த முதல் வேலை, பெல்ட்டைக் கழற்றியது. நீ குறுக்கே வந்தாய். உன் தோளிலும் ஓர் அடி விழுந்தது.

அடியால் அவன் நிறுத்தவில்லை. அவனாகத்தான் நிறுத்த நினைத்தான். "என்ன வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டுங்கம்மா" என்று அவனே கேட்டான். அந்த மூன்று வாரம் உனக்கு நினைவிருக்கும். வேர்த்துக் கொட்டும், குளிரும், காலால் பலகைச் சுவரை உதைப்பான். நீ கஞ்சியை ஊட்டுவாய், அவன் வாந்தி எடுப்பான், மறுபடி ஊட்டுவாய். உன் அம்மா எண்ணெய் தேய்த்துத் தேய்த்து அவள் உள்ளங்கையே வழவழத்துப் போயிற்று. நான் வேலைக்குப் போய் வந்தேன். கேட்டவர்களிடம் கோலாலம்பூரில் இருக்கிறான் என்றேன். அவன் அதைத் தாண்டி எழுந்துவிட்டான். இரண்டு மாதம் ஒழுங்காக இருந்தான். மறுபடி லாரிக்குப் போனான், உடம்பு தேறியது. என் கண்டிப்பால்தான் திருந்தினான் என்று நான் ஃபேக்டரியில் மார்தட்டிக்கொண்டேன்.

இனி வருவதுதான் உனக்குத் தெரியாதது. அவன் போன அன்று காலை நீயும் அம்மாவும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டீர்கள். நான் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவே இறுக்கி வைத்திருந்தான். "அப்பா, இன்னைக்கு வேலைக்குப் போவாதீங்க" என்றான். ஏன் என்றேன். "நேத்து மார்க்கெட்ல பழைய கூட்டாளிங்களப் பாத்தேன். அதுலருந்து ஒடம்புக்குள்ள என்னமோ பண்ணுது. தனியா இருந்தா போயிருவேன்பா. நீங்க இருந்தா போவமாட்டேன்." இவ்வளவு தெளிவாகச் சொன்னான், வசந்தா. சாடையாகச் சொல்லி நான் புரிந்துகொள்ளாமல் போனது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. "ஃபேக்டரில கொழுந்து மலையாக் கெடக்கு. நீ என்ன கைக்கொழந்தையா? ஆம்பளையா இரு" என்றேன். அவன் எழுந்து வந்து என் சட்டைக் கையைப் பிடித்தான். அவன் என்னைத் தொட்டே வருஷக்கணக்காகியிருக்கும். நான் கையை உதறிக்கொண்டு இறங்கிப் போனேன்.

பதினோரு மணிக்கு ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி, கொழுந்து வாட்டும் மாடிக்கே ஏறி வந்தார். வழக்கமாக ஆள்தான் அனுப்புவார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பிரிஞ்சாங்கில் காய்கறிக் கொட்டகைக்குப் பின்னால், கூடைகளுக்கு நடுவில் கிடந்தானாம். நான் போனபோது தரையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். பிறகு ஒரு டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னார். பல நாள் விட்டுவிட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காதாம். அதாவது அவன் திருந்தியிருந்தான். திருந்தியிருந்ததால்தான் அந்த ஒரு தடவை அவனைக் கொன்றுவிட்டது. என் மகன் கெட்டவனாகச் சாகவில்லை. இதையாவது உன்னிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் காலையில் நடந்ததையும் சொல்ல வேண்டிவரும் என்று பயந்தேன்.

அதற்குப் பதிலாகச் சளிக்காய்ச்சல் என்றேன். நெஞ்சில் சளி கட்டி மூச்சு நின்றுவிட்டது என்று லயம் முழுக்கச் சொன்னேன். குளிர்ப் பிரதேசம், நம்புவார்கள் என்று கணக்குப் போட்டேன். ஒருவரும் நம்பவில்லை. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஐந்தாம் நாள் மத்தியானம் அவன் துணிகள் அத்தனையையும் வாரிக் குளியல் பைப்புக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினேன். அவன் வாசனை வீட்டில் இருந்தால் என்னால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியாது போலிருந்தது. உன் அம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நீ நெருப்புக்குள் கைவிட்டுப் பச்சை ஜெர்சியை இழுத்தாய். பாதி கருகியிருந்தது. உன் கையும் வெந்துபோயிற்று. நான் அதைப் பிடுங்கித் திரும்ப உள்ளே போட்டேன். "ரெண்டாந் தடவ அவன எரிக்கிறீங்கப்பா" என்று சொன்னாய். மூன்று வாரத்தில் பினாங்கு எலக்ட்ரானிக் ஃபேக்டரிக்கு ஆள் எடுக்க வந்தவர்களிடம் பெயர் கொடுத்துவிட்டாய். தானா ராத்தா பஸ் ஸ்டேஷனில் பதினெட்டு வயதுப் பெண்ணை வழியனுப்பும்போது ஒரு தகப்பன் எத்தனையோ சொல்லலாம். நான் சொன்னது ஒன்றுதான். "அண்ணனப் பத்தி யாரு கேட்டாலும் காய்ச்சல்னு சொல்லு."

நீ போன பிறகு நடந்ததைக் கேள். ஆயாக் கொட்டகையில் குழந்தைகளுக்குப் பழைய சேலைகளை ஒட்டுப்போட்டு விரிப்பு தைப்பது ஞானம்மாவின் வழக்கம். போன வருஷம் ஒரு நாள் அவள் விரிப்புக்குத் துணி வெட்டுவதை விட்டுவிட்டு, மாவுச் சாக்குகளை வெளுத்துப் பிரித்து ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தாள். அதன் நடுவில் அந்தோணியின் நீலக்கட்டம் போட்ட சட்டையிலிருந்து ஒரு சதுரம் வெட்டிப் பொருத்தி, சிவப்பு நூலில் அவன் பெயரைத் தைத்தாள். யாரையும் கூப்பிடவில்லை. பிள்ளையைத் தூக்க வந்த ஒரு தாய் பார்த்தாள். அவள் தம்பியும் அப்படிப் போனவன். மறுநாள் அவன் லுங்கித் துண்டோடு வந்தாள். பிறகு கீழ்ப் பள்ளத்துக் காய்கறித் தோட்டத்து ஆ மோய் வந்தாள். நமக்குக் கீரை கொண்டுவந்து விற்பாளே, அந்தச் சீன அம்மாதான். மகன் போய் எட்டு மாதமாகியும் வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறாள். வீட்டாருக்குத் தெரியாமல் கீரைக் கூடைக்கு அடியில் அவன் பள்ளிக்கூடச் சட்டையை வைத்துக் கொண்டுவந்தாள். அவளும் ஞானம்மாவும் மலாய்மொழியில் நாலு வார்த்தைதான் பேசிக்கொள்வார்கள். மீதி நேரமெல்லாம் தையல்தான். அப்படியே ஏழு பெயர் சேர்ந்தது.

கமிட்டிக்குச் செய்தி வந்தது. தலைவர் கொதித்துப் போனார். "தோட்டத்து மானத்தக் கயித்துல காயப்போடறாளுங்க. நாளைக்கு நம்ம பொண்ணுங்கள எவன் கட்டுவான்? அத நிறுத்தச் சொல்லணும்" என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். போய்ச் சொல்ல ஆள் வேண்டுமே. செயலாளர் நான்தானே. தீர்மானத்தை இதே நோட்டில் எழுதிவிட்டு, மறுநாள் வேலை முடிந்து நேரே கொட்டகைக்குப் போனேன். ஞானம்மா ஒரு குழந்தையைக் காலில் போட்டுத் தட்டிக்கொண்டே தைத்துக்கொண்டிருந்தாள். நான் கமிட்டி சொன்னதைச் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை. பிறகு சொன்னாள். "அண்ணே, இதப் பாத்துட்டு ரெண்டு தாயிங்க என்கிட்ட வந்து பேசினாங்க. செத்த புள்ளைங்களப் பத்தி இல்ல. உயிரோட இருக்கிற புள்ளைங்களப் பத்தி. என் மகன் இப்படி இருக்கான், என்ன செய்யன்னு. அந்தோணி இருக்கிறப்ப எனக்கு அப்படிக் கேக்க ஒரு எடம் இல்ல. நிறுத்த மாட்டேன்லா. தலைவர வேணும்னா வந்து கிழிச்சுப் போடச் சொல்லுங்க."

நான் குரலை உயர்த்தினேன். அவள் உயர்த்தவில்லை. துணியை விரித்து என் பக்கமாகத் திருப்பினாள். ஏழு சதுரங்களுக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் ஓரம் மட்டும் மடித்துத் தைத்து, நடுவில் ஒன்றுமில்லாமல் வெறும் சாக்காக இருந்தது. "இது தம்பிக்கு. ஒங்க வீட்டு அம்மா தெனமும் கொழுந்து எடை போட்டுட்டு வந்து இதுகிட்டத்தான் உக்காரும். மத்த புள்ளைங்களுக்கு ஓரம் அடிச்சுக் குடுத்துட்டுப் போவும். எங்க வீட்டுல ஒரு நூலு மிச்சமில்லன்னு சொல்லிச்சு. ஏன்னு நான் கேக்கல. நீங்களே சொல்லுங்க, எடம் விடவா, வேணாமா?" உன் அம்மா தினமும் அங்கே போகிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கமிட்டி, மானம் எல்லாம் எங்கேயோ போயிற்று. இடம் விடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த பத்து நாள் நான் பைத்தியக்காரன் போல் அலைந்தேன். லாரி முதலாளியிடம் போய் அவன் துண்டு, தொப்பி ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டேன். போலீஸ் விசாரித்த பயம் அவருக்கு இன்னும் இருந்தது. கதவைத் திறக்காமலே இல்லை என்றார். கம்போங் ராஜாவில் அவனோடு பந்தாடியவனைத் தேடிப் போனேன். அவனிடமும் இல்லை. என் மகன் இருபத்திரண்டு வருஷம் இந்தப் பூமியில் உடுத்தியதில் ஒரு சாண் துணி மிச்சமில்லாமல் நானே அழித்திருக்கிறேன் என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது. கடைசியில் ஒரு சாயங்காலம் பெட்டியிலிருந்து என் பழைய காக்கிச் சட்டையை எடுத்தேன். அவன் போன அன்று போட்டிருந்தது. அதற்குப் பிறகு நான் அதைப் போட்டதில்லை. கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா பார்த்துவிட்டு, "அது ஒங்க சட்டையில்ல? அது எதுக்கு?" என்றாள்.

சொன்னேன். அவன் கேட்டது, நான் சொன்னது, கையை உதறியது, எல்லாம். அவள் அடுப்படியிலேயே நின்று கேட்டாள். முடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள். பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், தட்டை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். நம்மோடு இருபத்தெட்டு வருஷம் வாழ்ந்த ஒருத்தி நம்மை யாரோ போலப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று அந்த நாட்களில் தெரிந்துகொண்டேன். பன்னிரண்டாம் நாள் அவளாகச் சட்டைக் கையை வெட்டி, ஒரு சதுரமாக்கி, ஊசியில் நூல் கோத்து என் முன்னால் வைத்தாள். "நீங்களே எழுதுங்க. நான் எழுதமாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. நீயும் அவளிடம் கேட்காதே.

கொட்டகையில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து நான் தைத்தேன். முதலில் ஞானம்மாவிடம் அந்தோணியின் சாவன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கு நீங்க சொன்னத நான் மறக்கல, அண்ணே. மறக்கவும் மாட்டேன். ஊசிய இப்படிப் பிடிங்க" என்றாள். என் விரல்கள் கொழுந்தும் இயந்திரமும் பிடித்துத் தடித்தவை. ஐந்து எழுத்துத் தைக்க நான்கு நாள் ஆயிற்று. 'ரே' கோணிக்கொண்டுவிட்டது. பிரித்துத் தைக்கப் போனேன். உன் அம்மா தடுத்தாள். "இருக்கட்டும்" என்றாள். கமிட்டியிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். நோட்டை மட்டும் யாரும் திரும்பக் கேட்கவில்லை.

இவ்வளவு செய்தவன் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தான் என்று இப்போது கேள். மழைக்காலத்தில் துணி பூஞ்சை பிடிக்கிறது என்று வெயில் அடிக்கும் நாளில் ஞானம்மா அதைக் கொட்டகைக்கு வெளியே கயிற்றில் போடுவாள். அன்று நல்ல வெயில். சந்திரனின் அம்மாவும் தாய்மாமாவும் கார் வைத்துக்கொண்டு வந்தார்கள். சந்திரனுக்கு ஷிப்டு. மலை ஏறும் தாப்பா ரோட்டு வளைவுகளில் அந்த அம்மாவுக்குத் தலைசுற்றி வாந்தி. லயத்து முனையில் இறங்கியதும் நடக்க முடியாமல் கொட்டகைப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஞானம்மா இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். குடித்துக்கொண்டே அவர் எதிரே தொங்கிய துணியைப் பார்த்தார். "இதென்ன, பேரெல்லாம் போட்டிருக்கு?" என்றார். ஞானம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "எறந்துபோன எங்க புள்ளைங்க பேரும்மா. பவுடர் குடிச்சுப் போனவங்க" என்றாள் அவள். அந்த அம்மா ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்தார். காக்கித் துணியில் வந்து நின்றார். "குமரேசன். ஒங்க மூத்தவரு பேரும் அதானே?"

"அது வேற குமரேசன்" என்றேன். "மேல் டிவிஷன் பையன்."

நினைத்துச் சொல்லவில்லை, வசந்தா. அந்தப் பொய் ஐந்து வருஷமாக என் நாக்கிலேயே உட்கார்ந்திருந்தது, அதுவாக இறங்கி வந்துவிட்டது. எட்டு மாதத்துக்கு முன்னால் நான்கு நாள் உட்கார்ந்து நானே தைத்த பெயர் அது. அதையும் வேறு யாருடையதோ என்று சொல்லிவிட்டேன். உன் அம்மா குங்குமத்தட்டோடு அவர்களை அழைக்க அப்போதுதான் வந்திருந்தாள். தட்டைப் படியில் வைத்தாள். "இல்லம்மா. அது எங்க புள்ளதான். இவங்க சட்டைத் துணிதான் அது. காய்ச்சல்னு சொன்னது பொய். நாங்கதான் அப்படிச் சொல்லச் சொன்னோம், பொண்ணு மேல தப்பில்ல" என்றாள். தாய்மாமாதான் முதலில் பேசினார். "பொண்ணு பாக்கறப்ப குடும்பத்தப் பத்தி மறைக்கறது என்ன பழக்கம்?" என்றார். வீட்டுக்குள் வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

உன் அம்மாவிடம் அன்று கேட்டேன், கல்யாணம் நின்றால் என்ன செய்வது என்று. "நின்னா நிக்கட்டும்னு சொல்ல நான் கல்லா? அவ நல்லா வாழணும். ஆனா என் வயித்துல பொறந்தவன வேற யாரோன்னு சொல்ல விடமாட்டேன்" என்றாள். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் இதைச் சொல்கிறேன். உனக்கு வரப்போகிறவர் யாராக இருந்தாலும், ஒரு நாள் காலையில் வேலைக்குப் போகாதே, கூட இரு என்று கேட்டால் இரு. காரணம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். நீ கேட்க வேண்டிய நாள் வந்தால் நீயும் கூச்சப்படாமல் கேள். உன் அண்ணன் கேட்டான். கேட்டதில் அவன் மேல் ஒரு குறையும் இல்லை.

வியாழக்கிழமை. தபாலில் போட நேற்றே மடித்து வைத்தேன், மறுபடி பிரித்து எழுதுகிறேன். காலை பஸ்ஸில் சந்திரன் வந்து இறங்கினார். தனியாக. மழையில் தொப்பலாக நனைந்திருந்தார். வீட்டுக்குள் வரச் சொன்னேன். "மொதல்ல அந்தத் துணியப் பாக்கணும், ஐயா" என்றார். கொட்டகைக்குள் சுவரில் மாட்டியிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று, உனக்கு மேலே எழுதியதையெல்லாம் அவருக்கும் சொன்னேன். சட்டைக் கையை உதறியது வரைக்கும். இந்தத் தடவை ஒன்றையும் விடவில்லை.

"எங்கம்மா வேணாம்னுதான் சொல்றாங்க, ஐயா. மாமாவும் அப்படித்தான். நான் அதப் பேச வரல" என்றார். பிறகு எதற்கு வந்தீர்கள் என்றேன். "ரெண்டு வருஷமாப் பழகறோம். ஷிப்டு முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கறப்ப எங்கப்பா குடிச்சது, அடிச்சது எல்லாம் அவகிட்டச் சொல்லியிருக்கேன். அண்ணனப் பத்திக் கேட்டா மட்டும் காய்ச்சல்னு சொல்லிட்டு வேற பேச்சுக்குப் போயிருவா. எங்கிட்டகூடச் சொல்ல முடியலன்னா, நான் அவளுக்கு யாரு? அதான் எனக்குத் தெரியணும்."

"அவ வாய அடைச்சது நான்தான், தம்பி" என்றேன்.

"புரியுது ஐயா. ஆனா நீங்க சொல்லி நான் தெரிஞ்சிக்கிட்டது பத்தாது. அவ சொல்லணும்."

இப்போது எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். உன் அம்மா வற்புறுத்திச் சோறு போடுகிறாள், அவரும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் விழிக்கிறார். இரண்டு மணி பஸ்ஸில் கிளம்புகிறார். இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். விருப்பமிருந்தால் படித்துப் பாருங்கள் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். நாளை நீ வேலை முடிந்து வரும்போது ஹாஸ்டல் வாசலில் நிற்பார். அவர் வீட்டார் மனம் மாறுமா என்று எனக்குத் தெரியாது. அவர் மனமே என்ன முடிவு செய்யும் என்றும் தெரியாது. நீ கடிதத்தில் இந்த இடத்துக்கு வரும்வரை அவர் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். நான் இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் நீ பேச வேண்டியதை நான் பேசியதாகிவிடும். காகிதத்தை மடித்து வை, அம்மாடி. அவரை உட்காரச் சொல். அண்ணன் பெயரைச் சொல்லி ஆரம்பி.